இருபத்தொரு நாள் ஆட்சேபணை

கலைமதி பயந்தாங்கொள்ளி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். கஜா புயல் ஆலைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன வாரத்தில், நனைந்த முந்திரிக்கொட்டையை ஒற்றை ஆளாக வாரிவந்து தார் ரோட்டில் காயப்போட்டவள் அவள். ஆலங்குடி பஸ்சைக் கை காட்டி ஒதுங்கிப் போகச் சொன்னாள். டிரைவர் திட்டினார். இவள் திருப்பித் திட்டினாள். பஸ் ஒதுங்கித்தான் போனது. அப்பேர்ப்பட்டவள் போன வருசம் ஒரு மாதம் முழுக்க, வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். காரணம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேப்பர் விளம்பரம்.

ஆலங்குடிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் இருக்கிறது அவளுடைய ஆலை. ‘அழகி கேஷ்யூஸ்’ என்று பேர். அழகி என்பது அவள் ஆத்தா. கொட்டையை அவித்து உடைத்து, தோல் நீக்கி, முழுப்பருப்பு வேறு உடைசல் வேறாகப் பிரித்து டின்னில் அடைக்கிற வேலை. இருபத்துநாலு பெண்கள் வருகிறார்கள். கலைமதியும், லோடு வண்டி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் நிலவழகனும் இரண்டே பங்குதாரர்கள். சீசன் ஓய்ந்தால் பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லும் நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. இந்த நேரத்தில்தான் தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர் ஒருவர், வருசம் பூராவும் சரக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தார். ஆனால் பார்ட்னர்ஷிப்போடு ஒப்பந்தம் எழுத மாட்டாராம். இரண்டு மாதத்துக்குள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாறி வரவேண்டுமாம்.

புதுக்கோட்டை கீழராஜவீதி மாடியில் ஆடிட்டர் கோபிநாத் இதைக் கேட்டதும் சிரித்தார். சின்ன வயசுக்காரர், எதற்கும் முதலில் சிரித்துவிடுவார்.

“செஞ்சிரலாம்க்கா. புதுசா ஒரு கம்பெனி தொடங்குறதுன்னா பேப்பர்ல போட வேண்டியதில்ல. நீங்க இருக்கிற பார்ட்னர்ஷிப்ப அப்படியே கம்பெனியா மாத்துறீங்க, அதனால நோட்டீஸ் போட்டே ஆகணும். ஒரு இங்கிலீஷ் பேப்பர், ஒரு தமிழ் பேப்பர். ரெண்டும் நம்ம மாவட்டத்துல ஓடுறதா இருக்கணும். யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா இருபத்தொரு நாளைக்குள்ள கம்பெனிப் பதிவாளருக்கு எழுதலாம். அதுல ஒரு காப்பிய மில்லு விலாசத்துக்கு அனுப்பணும்.”

“நம்ம மில்லுக்கு யாரு தம்பி ஆட்சேபணை சொல்லப்போறா?”

“அதான் நானும் பாக்குறேன்” என்று பழைய பத்திரத்தைப் புரட்டிய கோபிநாத் ஒரு பக்கத்தில் நின்றார். “இது யாருக்கா, குணசேகரன்?”

கலைமதி பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். “எங்கண்ணன்” என்றாள்.

“விலகல் பத்திரம் இருக்கு, கையெழுத்து இருக்கு. சரி. அவரு விலகுனப்ப பேப்பர்ல போட்டீங்களா?”

“அதுக்குமா போடணும்?”

“ஒரு பங்குதாரர் விலகினா ஊருக்கு அறிவிக்கணும்க்கா. கெஜட்டுல ஒண்ணு, தமிழ் பேப்பர்ல ஒண்ணு.”

“ஊருக்கு அறிவிக்காமயா? கோயில் வாசல்ல சூடம் அணைச்சாரே! முன்னூறு பேரு பாத்தாக!”

கோபிநாத் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நடந்தது அதுதான். ஆலையைத் தொடங்கியதே குணசேகரன். தங்கச்சியைக் கூட்டு சேர்த்துக்கொண்டு, எந்தக் கொட்டை பிஞ்சு, எது பொக்கு என்று காதருகே குலுக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். புயலுக்குப் பிறகு, போதும், மிசினை விற்றுவிட்டு மூடுவோம் என்றார். முடியாது என்றாள் இவள். வாய்ச் சண்டை முற்றி, “நீ என்னைய ஏமாத்தி மில்லப் புடுங்கப் பாக்குற” என்று அவர் சொல்ல, “நீங்கதான் ஆத்தா பேர விக்கப் பாக்குறீங்க” என்று இவள் சொல்ல, பேச்சு பேச்சோடு நிற்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த கையோடு, திருவரங்குளத்தில் தன் தெருக்காரர்களை எல்லாம் கூட்டி, அம்மன் கோயில் வாசலில் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். இனி அந்த மில்லோடு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சத்தியம். சூடம் அணைத்த பிறகு பேப்பரில் வேறு போட வேண்டும் என்று அந்தப் பக்கம் யாருக்குத் தோன்றும்? பத்திரம் எழுதிய வக்கீலுக்கே தோன்றவில்லை, அவரும் அன்றைக்கு அங்கே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறு வருசமாகப் பேச்சு இல்லை. மகள் இனியாவின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. மனையில் உட்கார்ந்த பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கலைமதி இன்றைக்கும் யாரிடமும் சொல்வதில்லை.

“நியாயம் நம்ம பக்கம்தான்க்கா” என்றார் கோபிநாத். “ஆனா அவரு கோவத்துல ‘எனக்குத் தெரியாம மாத்துறாங்க’ன்னு நாலு வரி எழுதிட்டார்னு வைங்க, பதிவாளர் விளக்கம் கேப்பாரு. நாம பதில் எழுதி, அவங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள ஒங்க ரெண்டு மாசம் போயிரும்.”

பஸ்சில் திரும்பி வரும்போது கலைமதி ஒரு முடிவுக்கு வந்தாள். அண்ணன் கண்ணில் அந்த நோட்டீஸ் படக்கூடாது, அவ்வளவுதான். அண்ணனோ பேப்பர் பைத்தியம். காலையில் டீக்கடையில் உட்கார்ந்து, ராசிபலனில் தொடங்கி ஏல அறிவிப்பு வரைக்கும் ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள். ஆகவே நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்து, பக்கம் பக்கமாகக் கல்யாண வாழ்த்து வருகிற அன்றைக்கு நடுவிலே எங்காவது ஒரு மூலையில் போடச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. விடிகிற நேரத்தில் நிலவழகனை லோடு வண்டியோடு திருவரங்குளத்துக்கு அனுப்பி, ஏஜெண்டிடம் வந்து இறங்குகிற தமிழ் பேப்பர் கட்டை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் வாங்கிவரச் சொன்னாள்.

நிலவழகன் நல்ல மனுசர். பொய் மட்டும் வராது.

“இம்புட்டுப் பேப்பர் எதுக்குண்ணே?” என்று ஏஜெண்ட் கேட்டிருக்கிறார்.

“டின்னுக்கு அடியில விரிக்க.”

“அதுக்குப் பழைய பேப்பர் ஆகாதா?”

இவர் கட்டைத் தூக்கிப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? இன்றைக்குப் பேப்பரில் என்னமோ இருக்கிறது, அதை ஒருத்தன் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று ஏழு மணிக்குள் பஸ் ஸ்டாப் முழுக்கப் பேச்சு. யாரோ ஆலங்குடிக்கு ஆள் விட்டு இரண்டு பேப்பர் வரவழைத்து, டீக்கடை பெஞ்சில் நாலு பேர் தலையை மோதிக்கொண்டு வரிவரியாகத் தேடியிருக்கிறார்கள். நோட்டீஸ் கண்ணில் பட்டதா இல்லையா என்று மட்டும் ஆலைக்குச் சேதி வரவில்லை. சும்மா விட்டிருந்தால் ஈ காக்கா திரும்பிப் பார்த்திருக்காது.

“ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் கூறு இருக்கா? நாலு கடையில பிரிச்சு வாங்கக்கூடாது?” என்று புருசன் மேல் பாய்ந்தாள் கலைமதி.

“அந்த ஊர்ல ஒரு ஏஜெண்டுதான் புள்ள இருக்கான்” என்றார் அவர் பாவமாக.

அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினாள். பேப்பர் வந்த நாளும் கணக்கில் சேர்த்தியா, மறுநாளிலிருந்தா என்று கோபிநாத்துக்கு மூன்று தடவை போன் போட்டாள். நோட்டீஸை எடுத்து எடுத்துப் படித்தாள். ‘ஆட்சேபணை உள்ளவர்கள்’ என்ற இடம் வந்ததும் சட்டென்று மடித்துவிடுவாள். படிக்காமல் வைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பருப்புத் தரம் பிரிக்கும்போது முழுசை உடைசலில் போட்டாள். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். திருவரங்குளத்திலிருந்து தினமும் பஸ்சில் வருகிற முனியாயி மட்டும், “ஒனக்கு என்ன தாயி, ஒடம்புக்கு முடியலையா?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். கேட்டுவிட்டு, வேறு என்னமோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றுவிட்டுப் போய்விடுவாள்.

ஒன்பதாம் நாள் தபால்காரர் ஒரு ரிஜிஸ்டர் தபாலோடு வந்தார். கலைமதி கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். “யாரு அனுப்பிருக்கான்னு மொதல்ல படிங்க” என்றாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படித்தார். உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம். “இதுக்கா இம்புட்டு வேர்க்குது ஒங்களுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள்தான் உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. புதுக்கோட்டைக்கு லோடு ஏற்றிப்போன நிலவழகன் வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: “கலை, மச்சானப் பாத்தேன். கோர்ட்டு வாசல்ல நிக்கிறாரு. கையில பைலு.”

“ஒங்களப் பாத்தாரா?”

“பாத்தாரு. அங்கிட்டுத் திரும்பிக்கிட்டாரு.”

அவ்வளவுதான். மறுநாள் காலையில் கலைமதி திருவரங்குளம் பஸ்சில் ஏறிவிட்டாள். காலில் விழுவது என்றே கிளம்பினாள். ‘அண்ணே, எனக்கு வேணாம், அந்தப் பொம்பளைகளுக்காக விட்டுருங்க’ என்று வழி பூராவும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். தெருமுனையில் இறங்கி நின்றால் வீடு தெரிகிறது. அண்ணனின் பைக் வாசலில் நிற்கிறது. கொடியில் அண்ணியின் சேலை. இருபது அடி எடுத்து வைத்தால் போதும்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒருவேளை அண்ணன் அந்த நோட்டீஸைப் பார்க்காமலே இருந்தால்? கோர்ட்டுக்கு வேறு எதற்காவது போயிருந்தால்? இப்போது போய் நின்றால், தெரியாத மனுசனுக்குத் தானே போய்ச் சொன்ன கதையாகிவிடும். இன்னும் நாலு நாள் முழுசாகக் கிடக்கிறது, எழுதுவதற்கு அது தாராளம். போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். உள்ளேயிருந்து அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது. சளி பிடித்தால் அவருக்கு லேசில் விடாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மருந்து சாப்பிடுகிறாரோ என்னமோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த பஸ்சுக்குத் திரும்பி நடந்தாள்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது. சமையலில் உப்பு இல்லை என்று இனியா மூன்று நாளும் சொன்னாள். இருபத்தொன்றாம் நாள் தபால்காரர் ஆலையைத் தாண்டி நிற்காமல் போனார். அவர் போனபிறகும் சாயங்காலம் வரை கலைமதி ஆலை கேட் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பைக் வந்து வேகம் குறைந்தபோது எழுந்தே நின்றுவிட்டாள். அது பால்காரர்.

இருபத்திரண்டாம் நாள் மதியம் கோபிநாத் கூப்பிட்டார். “பதிவாளர் ஆபீஸ்லயும் ஒண்ணும் வரலக்கா. ஒங்களுக்கும் காப்பி எதுவும் வரலல்ல? அப்ப முடிஞ்சுது. இனிமே எல்லாம் நம்ம வேலதான். ஸ்வீட்ட எடுத்து வைங்க!”

போனை வைத்ததும் கலைமதி சத்தம் போட்டே சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துச் சிரிப்பு. பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். இனி சீசன் முடிந்தாலும் யாரும் வீட்டில் இருக்க வேண்டாம் என்றாள். ஒருத்தி குலவை போட்டாள். நிலவழகன் ஆலங்குடிக்கு இனிப்பு வாங்க வண்டியை எடுத்தார்.

“நல்லவேள பெரியம்மா, எங்கண்ணன் அதப் பாக்கல” என்றாள் முனியாயியிடம். “பாத்திருந்தா விட்டிருப்பாரா?”

முனியாயி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பாத்தாக தாயி” என்றாள். “அன்னைக்குக் காலையிலயே பாத்தாக. எங்க வீட்டுக்காரரு அங்கதான் டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. நீயே நடுங்கிக்கிட்டுக் கெடக்க, அவுக சொன்னதச் சொன்னா மனசு ஒடைஞ்சுருவன்னுதான் நான் வாயத் தொறக்கல. கோர்ட்டுக்குப் போனதெல்லாம் அவுக பட்டா விசயமா.”

“பாத்துட்டு?”

“எல்லாருந்தான் சூழ்ந்துக்கிட்டுக் கேட்டிருக்காக. ‘என்ன குணசேகரா, தங்கச்சி கம்பெனி ஆக்குதாமே, ஆட்சேபணை இருந்தா எழுதச் சொல்லிருக்கு, எழுதலையா?’ன்னு. அவுக முழுசாப் படிச்சாகளாம். படிச்சுட்டு, ‘நான் யாரு, எழுதுறதுக்கு?’ன்னாகளாம்.”

“கோவமாவா சொன்னாரு?”

“கோவமெல்லாம் இல்ல தாயி. சாதாரணமாத்தான். சொல்லிட்டு அடுத்த பக்கத்தத் திருப்பிட்டாகளாம்.”

கலைமதி சரி என்றாள். நல்லதுதான் என்றும் சொன்னாள். டின்களை எண்ணப் போவதுபோல உள்ளே போய், அடுக்கி வைத்த சாக்குகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். இந்த ஒரு மாதமாக அண்ணன் வந்துவிடக்கூடாது என்று வாசலைப் பார்த்த பார்வை, வெறும் பயத்தில் பார்த்த பார்வைதானா என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை. வந்து கத்தியிருப்பார். இவளும் கத்தியிருப்பாள். கத்தி முடித்ததும் தண்ணீர் கேட்டிருப்பார். ஆறு வருசமாக, அண்ணன் தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் எப்போது தீர்ந்துபோனது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை.

இனிப்புப் பெட்டியோடு தேடி வந்த நிலவழகன் அவளைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

“என்ன புள்ள ஆச்சு? ஏன் அழுவுற? அதான் ஆட்சேபணை ஒண்ணும் வரலையே!”

“அதாங்க” என்றாள் கலைமதி. “வரலையே.”