டீச்சர் காத்திருந்த நேரம்

சரஸ்வதி டீச்சரின் பாடங்களைக் கெடுத்தவன் நான்தான். இணையக் கோளாறு என்று அன்று சொன்னது பொய்.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அவரிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

பெருந்தொற்று பரவி, வீட்டைவிட்டு வெளியே போகத் தடை போட்டிருந்த நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஆசிரியர்களும் வானொலிக்காரர்களும் சேர்ந்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக இணையத்தில் ஒலிப்பாடங்கள் போட்டோம். செலண்டாரில் ஒன்றாம் ஆண்டு ஆசிரியையான சரஸ்வதி டீச்சர் கைப்பேசியில் பாடத்தைப் பதிந்து அனுப்புவார். அறிவிப்பாளனான நான் தெங்கேராவில் என் வீட்டிலிருந்தே அதைச் செப்பனிட்டு ஏற்றுவேன்.

எவ்வளவு இனிய நாட்கள் அவை! இரைச்சல் விழக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசுவார். பக்கத்து வீட்டுச் சேவல் கூவிவிட்டால், "அண்ணே, சேவலும் பாடம் நடத்துது லா. இன்னொரு தடவ பேசி அனுப்பறேன்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்து இன்றும் ஏங்குகிறேன்.

ஆனால், கேள்வி கேட்டதும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். "ரெண்டும் மூணும் எத்தன? யாழினி, நீ சொல்லும்மா..." அதன்பின் சத்தமே இருக்காது. எதிரே பிள்ளை விரல்விட்டு எண்ணுவதுபோல் காத்திருப்பார். பிறகுதான், "ஆ... கெட்டிக்காரி" என்பார். பாடத்துக்குப் பாடம் ஒரு பிள்ளையின் பெயர் வரும்.

எனக்கோ அது பொறுக்கவில்லை. வானொலியில் சத்தம் நின்றால் எங்களுக்கு அது பெரும் பிழை. அவரை ஒரு வார்த்தை கேட்காமலே அந்த இடைவெளிகளை எல்லாம் வெட்டி எறிந்தேன். கேள்வியின் வாலிலேயே பாராட்டு வந்து ஒட்டிக்கொண்டது. பாடம் விறுவிறுப்பாகிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு...

ஒரு நாள் டீச்சர் அழைத்தார்.

"அண்ணே, யாழினியோட அம்மா போன் பண்ணாங்க. 'நான் சொல்றதுக்குள்ள டீச்சர் போயிட்டாங்க'ன்னு புள்ள அழுவுதாம். இப்ப பாடம் போட்டாலே எந்திரிச்சுப் போயிருதாம். நான் காத்திருந்தேனே அண்ணே?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? இத்தனை வருட அனுபவம் கொண்டவன் ஓர் ஆசிரியையிடம் தவற்றை ஒப்புக்கொள்வதா என்ற வீம்புதான்.

"லைன் சரியில்ல டீச்சர். ஒங்க பக்கத்துலேர்ந்து வரும்போதே நீங்க நிறுத்துற எடமெல்லாம் விட்டுப்போவுது" என்றேன்.

அவர் நம்பினார். என்னிடம் மன்னிப்புகூடக் கேட்டார். "சரிண்ணே. இனிமே நிறுத்தாமப் பேசிடறேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்து வந்த பாடங்களில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. பிள்ளைகளின் பெயர்களும் இல்லை. யாழினி அந்தப் பாடங்களுக்குத் திரும்பவே இல்லை.

அண்மையில் மெர்லிமாவில் ஒரு கல்யாணப் பந்தியில் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய கதைகளைப் பேசிச் சிரித்தோம். சேவலைக்கூட அவர் மறக்கவில்லை.

"அந்த லைன்தான் நம்மளக் கவுத்துருச்சு, இல்லண்ணே?"

கேட்டுவிட்டு, வழக்கம்போல் பதிலுக்காகக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

நான் இலையைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.