புத்தகத்தில் இல்லாத ஒன்பது மாதம்

என் கணவர் ராணுவத்திலிருந்து வந்து எட்டு வருஷம் வரை அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு ஒரு வேலையும் வரவில்லை. வல்லத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கிருந்த கொஞ்சம் நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனி மதில் எழுப்பி, காவலுக்கு முன்னாள் ராணுவத்தார் தேவை என்று போர்டு மாட்டியது. எங்களுக்கு இரண்டு போகம் பொய்த்திருந்த சமயம். காக்கிப் பேண்ட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனவர், மத்தியானமே திரும்பி வந்தார்.

"நான் எழுதிக் குடுத்த தேதியும் புக்குல கீற தேதியும் ஒத்துப் போவலையாம். சரி பண்ணிக்கினு வரச் சொல்றாங்க."

அன்று என் பெரிய அண்ணன் வந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, முந்தின வருஷம் ஏப்ரல்லயே உன்ன அனுப்பிட்டதா போட்டுகீது. நீ வந்தது பொங்கலுக்குத்தான?"

"டைப் அடிச்சவன் தப்பு. நான் ஜனவரி வரைக்கும் கேம்ப்லதான் இருந்தேன்."

அண்ணன் புத்தகத்தை மூடினார். என்னைத்தான் பார்த்தார். அந்த ஏப்ரலுக்கும் பொங்கலுக்கும் நடுவில், தீபாவளிக்கு முந்தின வாரம், எங்கள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு வயசு. தந்தி கொடுத்தது அண்ணன்தான். இவர் வரவில்லை. லீவு தரவில்லை என்று பிறகு சொன்னதைத்தான் எட்டு வருஷமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு வாரத்துக்குள் சொந்தக்காரர்கள் வாய்க்கெல்லாம் விஷயம் போய்விட்டது. வடக்கே ஒரு குடும்பம் வைத்திருந்தாராம். பெண் செத்த சேதி தெரிந்தும் அங்கேயே இருந்துவிட்டாராம். சொன்னவர்களை நான் அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. இவருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்:

"அந்த ஒம்போது மாசம் எங்க இருந்தீங்க?"

பிசைந்த சோற்றை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

காஞ்சிபுரத்தில் ராணுவத்தார் விஷயங்களைப் பார்க்கும் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று என் காதால் கேட்க வேண்டியிருந்தது. அங்கிருந்த கிளார்க் நிதானமான மனுஷர்.

"வடக்க இருக்கிற ராணுவ ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். ஆனா சும்மா எழுதினா போட்ட தேதி சரின்னுதான் பதில் வரும். அந்த மாசங்கள்ல நீங்க அங்க இருந்ததுக்கு ஏதாவது தாள் வேணும். மணியார்டர் ரசீது, லெட்டர், எதுனாலும் சரி."

இவர் இல்லை என்று தலையாட்டினார். என்னிடம் ஒன்று இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். மகள் போன இருபதாம் நாள் இவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வராத மனுஷனுடைய எழுத்து எனக்கு எதற்கு என்று பிரிக்காமலே, என் பள்ளிக்கூடச் சர்டிபிகேட் இருந்த தகர டப்பாவில் போட்டு மூடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ராணுவத் தபால் முத்திரை. நவம்பர் மாசம். மை கொஞ்சமும் அழியவில்லை. இவர் சொன்னது அத்தனையும் நிஜம். எனக்கு நிம்மதி வரவில்லை. கேட்ட கேள்விதான் நெஞ்சில் நின்றது.

மறுநாள் கிளார்க்கிடம் கொடுத்தேன். உள்ளே பெயரும் நம்பரும் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று அவர் ஸ்கேலால் ஒட்டியிருந்த ஓரத்தைக் கிழித்தார். கிழிபடும் சத்தம் கேட்டு இவர் திரும்பினார்.

"நீ இத படிக்கவே இல்லியா?"

கிளார்க் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். ஒரு பக்கம்தான். கமாண்டர் காலில் விழாத குறையாகக் கேட்டும் விடவில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில்: 'பாப்பா துணிமணி எதையும் யாருக்கும் கொடுத்துவிடாதே. நான் வந்து பார்க்க வேண்டும்.'

பதினாறாம் நாளே அத்தனையையும் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். ஒரு பாவாடைகூட மிச்சம் வைக்கவில்லை. பொங்கலுக்கு வந்த அன்று இவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். எதைத் தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை. திரும்ப மடித்து வைத்து மூடினார்.

பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ லெட்டரப் படிச்சிட்டு, வேணும்னுதான் குடுத்துட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எட்டு வருஷமா."

"லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன்" என்றேன்.

"சரி" என்றார்.

கடிதத்தை மனுவோடு சேர்த்து வடக்கே அனுப்பினார்கள். ஐந்து மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. ஏப்ரல் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ஜனவரி, ஒரு கையெழுத்து, முத்திரை. தப்பு எப்படி நடந்தது என்று ஒரு வரி இல்லை. கடிதம் திரும்பி வரவில்லை. கேட்டு இரண்டு முறை எழுதினோம், பதிலும் வரவில்லை. அதற்குள் கம்பெனியில் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். கேட்டில் இருந்தவர் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் சேதி கேட்டு, "அதான பார்த்தேன், மாப்ள அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்றார். ஊரும் அப்படியே சொன்னது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அதற்குப் பிறகு இவரிடம் ஒரு பழக்கம் வந்தது. வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். "செம்பரம்பாக்கம் போறேன், அஞ்சு மணிக்கு வந்துடுவேன்." "டீக்கடைக்குப் போறேன், அர மணி நேரத்துல வந்துடுவேன்." கோபம் துளியும் இருக்காது; மேலதிகாரியிடம் ஒப்பிப்பது போல இருக்கும். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தும் நிற்பார். நான் கேட்டதே இல்லை. சொல்ல வேண்டாம் என்றும் ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் அன்று நான் கேட்ட கேள்வியைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.