நீலத் துணியில் கட்டிவைத்த வலது கை

நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் உங்களில் பலர் இதைப் படிக்க உட்கார்ந்திருப்பீர்கள். அந்தக் கை எனக்குப் பத்து மாதம் எழவில்லை.

நயாபைசா வந்த வருஷம், ஈஸ்டர் கழிந்த வாரம். குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது வலது தோளில் சுருக்கென்று பிடித்தது. இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது, ரவிக்கை மாட்ட முடியாது. எண்ணெய் தேய்த்தேன், பத்துப் போட்டேன். வலி முழங்கை வரை இறங்கியதுதான் மிச்சம்.

எங்கள் பக்கம் நேர்ச்சை என்றால் எதையாவது விட வேண்டும். சிலர் முடியை விடுவார்கள், சிலர் கறியை விடுவார்கள். நான் கையையே விட்டேன். மாதா திருவிழாக் கொடி இறங்கும்வரை இந்தக் கையால் ஒரு துரும்பும் எடுப்பதில்லை என்று நேர்ந்துகொண்டு, மாதாவின் நிறமென்று நீலத் துணி கிழித்து, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். வலி குறைந்தது. அற்புதம் நடக்கிறது என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது.

ஆகஸ்டில் கொடி இறங்கியது. துணியை அவிழ்த்தேன். கை மார்புக்கு மேல் வரவில்லை. என் வீட்டுக்காரர் தூக்கிவிட்டுப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டதுபோல் நின்றுவிட்டது.

“நேர்ச்சையில ஏதோ கொறை வச்சுட்ட” என்றாள் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்.

அந்தப் பேச்சு என்னை உடைத்துப் போட்டது. மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. நடவுக்கு யாரும் கூப்பிடவில்லை. இடது கையால் சிலுவை போட வெட்கப்பட்டு, பூசைக்குப் போவதையே நிறுத்தினேன். செத்தால் தேவலை என்றிருந்தது. ஒரு மத்தியானம் அழுதுகொண்டே கேட்டேன்: “எனக்குக் கை வேண்டாம் தாயே. நெத்தியத் தொட விடு, போதும்.” பதில் வரும் என்று நான் நம்பவில்லை.

அந்த வாரமே பிள்ளைகளுக்கு அம்மை குத்த ஒரு நர்ஸ் சிஸ்டர் வந்தார். தொடங்குமுன் செபம் சொன்னார். எல்லாரும் சிலுவை போட்டார்கள். மகளோடு நின்ற நான் போடவில்லை.

“கை வரலையாம்மா?”

கதையைச் சொன்னேன். தோளை அசைத்துப் பார்த்தார்.

“வலிக்குதுன்னு அசைக்காம கட்டி வச்சீங்க, மூட்டு இறுகிப்போச்சு. மாதா ஒங்ககிட்ட கையக் கேக்கலம்மா.”

என்னைக் கிணற்றடிக்கே கூட்டிப்போனார். சகடை உருளையில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை இடது கையிலும் மறுமுனையை வலது கையிலும் கொடுத்தார். இடது கை கீழே இழுக்க, வலது கை மேலே போக வேண்டும்.

“மொதல்ல வெந்நீர் ஒத்தடம். அப்புறம் தாங்குற மட்டும் இழுங்க. வெடுக்குன்னு இழுத்துறாதீங்க. ஒரு நாளும் விடக்கூடாது.”

தினமும் இழுத்தேன். மார்கழி வரை ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கும் போகவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய்க் கயிற்றைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பாதாளக்கரண்டி விட்டு அதை எடுத்துவந்தார்.

“மாதாவோட சண்டைன்னா மாதாவோட போடு. கயிறு என்ன செஞ்சுச்சு?”

ஏறுகிறதா என்று பார்க்காமல் மறுபடி தினமும் இழுத்தேன்.

மாசியில், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று மகள் என்னைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசினார். என்னை அறியாமல் வலது கை எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். விரல் நெற்றியைத் தொட்டது.

கொண்டை முடிய இன்னும் கை வராது. வலியும் முழுதாகப் போகவில்லை. வலியோடு இருப்பவர்களே, மாதாவிடம் கேளுங்கள். என்னைப்போல் கையைக் கட்டிவைத்துக்கொண்டு கேட்காதீர்கள். நம்பாமல் கேட்ட என்னையே அவர் தள்ளிவிடவில்லை. அன்று என் விரலில் ஒட்டிய சாம்பலைக் கழுவ மனமில்லாமல், இடது கையால் சாப்பிட்டேன்.