இரண்டு கொக்கிகளும் கழன்றபோது

மரங்களுக்கு நடுவே நாற்பதடி உயரத்தில் கயிற்றுப் பாலங்கள் கட்டிய பூங்கா அது. அங்கே பதினோரு வருடமாக வேலை பார்க்கும் அவரை எல்லோரும் பெல்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் ஒன்பது வருடம் மேலேதான் இருந்தார். நடுவழியில் பயந்து உறைந்து நிற்பவர்களைக் கயிறு கட்டி இறக்குவது அவர் வேலை. கனத்த ஆள் ஒருவரை இறக்கும்போது வலது தோள்மூட்டு நழுவியது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கை தலைக்கு மேலே எழும்பவில்லை. நிர்வாகம் அவரை அனுப்பிவிடாமல் தரையில் நிறுத்திக்கொண்டது. வருகிறவர்களுக்கு பெல்ட் மாட்டிவிட வேண்டும், விதிகளைச் சொல்ல வேண்டும்.

அதைச் சலிக்காமல் செய்வார். இடுப்பு பெல்ட்டை எலும்புக்கு மேலே ஏற்றி இறுக்குவார். தொடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்பார். பையில் சாவி இருந்தால் வாங்கி வைப்பார். பெல்ட்டிலிருந்து தொங்கும் இரண்டு கொக்கிகளையும் கையில் பிடித்து, பாலத்துக்கு மேலே ஓடும் பாதுகாப்புக் கம்பியைக் காட்டி, "ஒண்ணு கம்பியில மாட்டியிருந்தாத்தான் இன்னொண்ணைக் கழட்டணும்" என்று மூன்று தடவை சொல்வார்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி அவர் மனைவி. பச்சைக் குழந்தையின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறவள். புருஷன் வேலை செய்யும் இடத்துக்கு அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தாள்.

"வீட்லயும் இப்படித்தான் பாடம் எடுப்பாரா?" என்று கூட வந்தவள் கேட்டாள்.

"வீட்ல வாயே தெறக்க மாட்டாரு. எல்லாத்தையும் இங்கயே கொட்டிட்டு வந்துடுவாரு போல" என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அவளுடைய ஹெல்மெட் வாரை இறுக்கினார்.

மூன்று மேடைகளை அவள் சுலபமாகத் தாண்டினாள். நான்காவதில் அடுத்த பாலத்தின் கம்பி சற்று உயரம். முதல் கொக்கியைக் கழற்றி எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. இன்னொரு கொக்கிதான் இழுத்துப் பிடிக்கிறது என்று நினைத்து அதையும் கழற்றினாள். அதே நேரம் காற்று அடித்து மேடை அசைந்தது. கைப்பிடி நழுவி இரண்டு கொக்கிகளும் அவள் முழங்காலருகே தொங்க, மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கீழே நின்றவர் பார்த்துவிட்டார். அந்த நிலையில் அதட்டக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். அவரே பலருக்குக் கற்றுக் கொடுத்தது. "ஒரு கையால மரத்தைப் பிடிச்சுக்கோ. இன்னொரு கையால கொக்கியை எடு" என்றார். அவள் குனியவே இல்லை. மறுபடி சொன்னார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

மீட்பு வேலைக்கு அன்று மேலே இருந்தது ஒரே ஒரு பெண், குருவி என்பார்கள். அவள் மூன்று பாலம் தள்ளி வேறொருவரோடு இருந்தாள். அந்த ஆளைப் பத்திரமாக மேடையில் மாட்டி நிறுத்தாமல் கிளம்ப முடியாது.

பெல்ட்காரர் ஏணியைப் பிடித்து ஏறினார். மூன்றாவது படிக்கு மேல் வலது கை போகவில்லை. இடது கையால் தொங்கியபடி உந்திப் பார்த்தார். மேனேஜர் ஓடி வந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும் மேல மாட்டிக்கிட்டா யாருங்க யாரை இறக்குறது? எறங்குங்க."

இறங்கினார். குருவி வந்து சேர ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் தலையை நிமிர்த்தி, அதே இரண்டு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே நின்றார். குருவி பின்பக்கமாக வந்து, ஒரு வார்த்தை பேசாமல் தன் கயிற்றை அவள் பெல்ட்டில் மாட்டினாள். அப்போதுதான் அவர் சொல்வதை நிறுத்தினார்.

கீழே வந்தவளின் பெல்ட்டை அவரே கழற்றினார்.

"நான் சொன்னது கேக்கலியா?"

"உங்க வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது. என்ன சொல்றீங்கன்னு எதுவும் ஏறல."

"கீழ மூணு தடவை சொன்னேனே."

"கேட்டேங்க. நீங்கதானே மாட்டிவிட்டீங்க, அப்புறம் என்ன பயம்னு இருந்துட்டேன்."

அவர் பெல்ட்டைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

சம்பவப் பதிவேட்டை எழுதி முடித்துவிட்டு மேனேஜரிடம் போனார். ஒன்று பூட்டினால்தான் மற்றது திறக்கும் கொக்கிகள் இருக்கின்றன. அவற்றை வாங்கச் சொல்லிப் போன வருடமே கேட்டிருந்தார். "எழுதிப் போட்டிருக்கு. மேலிடத்துல முடிவு பண்ணணும்" என்றார் மேனேஜர். அவர் சொன்னதில் பொய் இல்லை.

சாயங்காலம் மனைவி தன் தங்கைக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னாள். நாற்பதடி அறுபதடியானது. "உங்க மாமா ஏணியில வவ்வால் மாதிரி தொங்கறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துபோகவும் இல்லை, அவளோடு சேர்ந்து சிரிக்கவும் அவருக்கு வரவில்லை.