ஜெஜுனம் என்ற குடல்

எனக்கு 'ஜ' வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஜன்னலைச் சன்னல் என்றும் ஜோட்டைச் சோடு என்றும் சொல்லியே பழக்கம். ஓடைப்பட்டித் திராட்சையைக் கேரளாவுக்கு லாரி ஏற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு, என்னைச் சீண்ட அது ஒன்றே போதும்.

அவருக்கு உணவுக்குழாயில் புற்று வந்து, எச்சில்கூட இறங்காமல் போனது. மதுரையில் வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். நர்ஸ் சீட்டைக் காட்டி, "இது ஜெஜுனம். சிறுகுடல்ல ஒரு பகுதி. இதுக்குள்ளதாம்மா கஞ்சி போகும்" என்றாள். என் காதில் அது 'சனனம்' என்று விழுந்தது. பிறப்பு என்றுதானே அர்த்தம், பிழைத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவரிடம் சொன்னேன்.

"சனனமா? ஏ புள்ள, உனக்கு ஒரு ஜ-வே வராது. இதுல ரெண்டு கெடக்கு" என்று சிரித்தவர், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளை அகராதி எடுக்கச் சொன்னார்.

"அத்தா, இது லத்தீன் வார்த்தையாம். வெறுமையா இருக்கறது, நோன்பு இருக்கறதுன்னு அர்த்தமாம். செத்தவகள அறுத்துப் பாத்தப்ப இந்தக் குடல் மட்டும் காலியா இருந்துச்சாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவசரமாக அதற்குக் கீழே இருந்ததை வாசித்தாள். ஜெரிமையட் என்றால் நீண்ட புலம்பல்.

"உங்கம்மா பேர இங்கிலீசுல போட்டுருக்கான்" என்றார்.

ஜெட்சம் என்றால் கப்பல் முழுகாமல் இருக்கக் கடலில் தூக்கிப்போடும் சரக்கு. அவர் அகராதியை வாங்கி மூடிவைத்தார்.

அந்த வருடம் நோன்பு ஐப்பசி மழையோடு வந்தது. நோயாளிக்குக் கடமையில்லை என்று பள்ளிவாசல் அசரத்து வீட்டுக்கே வந்து சொன்னார். இவர் கேட்கவில்லை.

"என் குடலே நோன்புக் குடலு. அது வருசம் பூரா இருக்கு. நான் ஒரு மாசம் இருக்க மாட்டனா?"

"ரெண்டு மணிக்கொருக்கா ஊத்தணும்னு டாக்டரு சொன்னாகள்ல?"

"பகல்ல ஊத்தாத. அம்புட்டுத்தான்."

முதல் நோன்பன்று மதியத் தொழுகைக்குப் பிறகு மயங்கினாற்போல் உறங்கினார். உதடு வெடித்திருந்தது. விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஊற்றாவிட்டால் ஆள் தாங்காது. ஊற்றினால் நோன்பு முறிந்துவிடும். கஞ்சியை வடிகட்டி, சத்தமில்லாமல் குழாயில் ஊற்றினேன். பாயில் கொஞ்சம் சிந்தியது, துடைத்துவிட்டேன். அவர் விழிக்கவில்லை. மகளிடமும் நான் சொல்லவில்லை.

மாலைப் பாங்கு கேட்டதும் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை அவர் நாக்கில் ஒற்றி எடுத்தேன். நோன்புக் கஞ்சியைத் துணியில் வடித்து ஊற்றினேன்.

"ரொம்பப் பசிச்சுச்சா அத்தா?" என்றாள் மகள்.

"பசியே தெரியல ஆத்தா. அல்லா எனக்கு லேசாக்கிட்டான்." அவர் கண் கலங்கியது.

நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாளும் ஊற்றினேன். பதினேழாம் நோன்பு வரை ஊற்றினேன். அன்று பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் அவர் போய்விட்டார்.

புருசனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த என்னைப் பார்க்க வந்த பெண்களெல்லாம், "நோன்போட போயிட்டாக. யாருக்குக் கெடைக்கும் இப்புடி மவுத்து?" என்றார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.