எல்லை ஆறும் எங்கள் வரவேற்புரையும்

செவ்வாய்க்கிழமை காலை குளத்தங்கரையில் டிராமுக்காக நின்றிருந்தபோது சேஷாத்ரி அவர்களின் மைத்துனர் வேகமாக வந்தார். "அத்திம்பேர் விடியக்காலம் போயிட்டார்" என்றார். துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வாசகசாலையில் பேசுவதாக இருந்தது. மூன்றாம் தடவையாவது முழுதாகப் பேசுவார் என்று, காரியதரிசியான நான் நம்பியிருந்தேன்.

மயிலாப்பூரில் அவர் 'ஆப்பிரிக்கா சேஷாத்ரி'. தாங்கனீகாவில், ரயிலடியிலிருந்து நாள்கணக்கில் நடக்கவேண்டிய ஒரு மாவட்டக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். மேற்கே மலை, கிழக்கே வறண்ட புல்வெளி, நடுவே ஓர் ஆறு. மலைக்காரர்கள் பயிர் செய்வார்கள், புல்வெளிக்காரர்கள் மாடு வளர்ப்பார்கள். சர்க்கார் அந்த ஆற்றையே எல்லையாக்கியது. கோடையில் ஆறு வற்றிவிடும், தண்ணீர் மலையடிவாரத்தில்தான் கிடைக்கும். மாட்டை அங்கே ஓட்டிப்போனால் எல்லை தாண்டிய குற்றம், மாடு பறிமுதல்.

அந்தப் புல்வெளி மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த எடுப்பில் குறையைச் சொல்வது மரியாதைக் குறைவு. மாடு சௌக்கியமா, புல் உண்டா, பிள்ளைகள் எப்படி என்று நிதானமாக விசாரித்த பிறகே விஷயத்துக்கு வருவார்கள். கச்சேரியில் மனுக் கேட்கும் வெள்ளைக்காரத் துரையோ அதற்குள் "அடுத்த ஆள்" என்றுவிடுவார். சேஷாத்ரி மனுக்காரர்களை முதல் நாளே வரவழைத்தார். மரத்தடியில் உட்கார்ந்து, துரைக்கு உரிய நலம் விசாரிப்பை எல்லாம் தாமே கேட்டு, பதிலும் சொல்லி அனுப்பினார். மறுநாள் அவர்கள் நேரே ஆற்றைப் பற்றிப் பேசினார்கள். கோடையில் ஆற்றைக் கடக்க அனுமதி கிடைத்தது.

"என் சர்வீஸ்லேயே உருப்படியா பண்ணின காரியம் அது ஒண்ணுதான் ஓய்" என்பார்.

அடுத்து வந்த துரை அந்த அனுமதியை ரத்து செய்தார். அது இவர் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. இங்கிருந்து எத்தனையோ பேர் குமாஸ்தாக்களாக அங்கே கப்பலேறுகிறார்கள், அவர்களுக்காவது இதைச் சொல்லியாக வேண்டும் என்று துடித்தார்.

நாங்கள் விட்டால்தானே? முதல் கூட்டத்தில் கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, மாலை, பொன்னாடை. பிறகு தலைவர் முன்னுரை என்ற பெயரில் தம்முடைய காசி யாத்திரையை விஸ்தாரமாகச் சொன்னார். சேஷாத்ரி மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்குவதற்குள் கதவைப் பூட்டும் நேரம் வந்துவிட்டது. இரண்டாம் கூட்டத்திலும் அதே கதை. போதாததற்கு ஒருவர் எழுந்து, "சிங்கத்தைக் கிட்டக்க பாத்திருக்கேளா?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் சேஷாத்ரி சிரித்தார். "அங்கே நலம் விசாரிச்சுண்டே துரையோட நேரம் போயிடும். இங்கே மாலை போட்டுண்டே என் நேரம் போறது. யாரைக் கோவிச்சுக்கறது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எல்லோரையும் கோபித்துக்கொண்டேன்.

தலைவரோடு சண்டையே போட்டு ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வைத்தேன். மரியாதை எல்லாம் சனிக்கிழமையே சேஷாத்ரியின் வீட்டில்; ஞாயிற்றுக்கிழமை பேச்சு மட்டும். கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "என் மரத்தடி வித்தையையே எனக்குக் காட்டறீரா!" என்றார்.

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. சனிக்கிழமை பெரிய ரோஜா மாலையோடு வந்தார். படத்துக்குத்தான் போட முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரங்கல் கூட்டமாகக் குறித்த நேரத்தில் தொடங்கியது. கூடம் நிறைய ஜனம். வரவேற்புரை இல்லை, முன்னுரை இல்லை. நேரம் முழுவதும் உங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தோம், சேஷாத்ரி. போய் வாருங்கள்.