மொட்டை அடிக்கச் சொன்னவர்

திருத்தணியில் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்க, நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஒருவர் வீடு வீடாக வருவார். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் மூன்று ஸ்க்ரூ டிரைவர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சிபியுவின் தலையில் தட்டி, காதை வைத்துக் கேட்பார். பலாப்பழம் வாங்க வந்தவரைப் போலிருக்கும்.

மறுநாள் கல்லூரியில் கொடுக்க வேண்டிய என் ப்ராஜெக்ட் முழுவதும் உள்ளே இருந்தபோது, எங்கள் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரியோடு நின்றுவிட்டது. அப்பா அவரைக் கூட்டி வந்தார். அவர் தட்டினார், கேட்டார்.

“ஹார்ட் டிஸ்க் பூட்ச்சி நைனா. மொட்ட அடிச்சிடலாம்.”

டிஸ்கில் உள்ளதையெல்லாம் அழித்து ஃபார்மட் செய்வதற்கு அவர் வைத்திருந்த பெயர் அது.

“அப்ப என் ப்ராஜெக்ட்டு?” என்றேன்.

“முடி மாரிதாம்மா. திரும்ப மொளைக்கும்.”

திரையில் இருந்த அந்த ஆங்கில வரியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் படித்தேன். தவறான டிஸ்க் உள்ளே இருக்கிறது, மாற்று என்றது. தோழியிடம் வாங்கிய ஃபிளாப்பியை நான்தான் எடுக்க மறந்திருந்தேன். அதை உருவிவிட்டு ஒரு கீயை அழுத்தினேன். விண்டோஸ் வந்தது. ப்ராஜெக்ட்டும் பத்திரமாக இருந்தது.

அவர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. “பாத்தீங்களா நைனா, தட்னது வேல செஞ்சிடுச்சி” என்றார்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. “ஆங், உங்க கைராசிங்க” என்று அவருக்கு டீ வாங்கக் கிளம்பினார்.

அந்த மனிதர் பொய் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி நம்பினாரா என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. நம்பினார் என்று நினைத்தால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது.